பல்லைத் தொடாத பாடம்

2020 மார்ச் 12 அன்று ‘ஜர்னல் ஆஃப் டென்டல் ரிசர்ச்’ இதழ் வூகானிலிருந்து வந்த ஒரு கட்டுரையை இணையத்தில் வெளியிட்டது. வூகான் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த மெங், ஹுவா, பியன் ஆகியோர் எழுதியது. கொரோனா பரவும் நேரத்தில் நோயாளிகளை எப்படிப் பிரித்தறிவது, எந்தச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது, எந்தக் கருவியைத் தவிர்ப்பது என்பதுதான் அதன் மையம். கல்வியைப் பற்றியும் அதில் ஒரு சிறு பகுதி உண்டு. விரிவுரையை இணையத்தில் நடத்துங்கள், நோயாளிகளின் விவரங்களை வைத்து விவாதியுங்கள், சிக்கலைக் கொடுத்துத் தீர்க்கச் சொல்லுங்கள், மாணவர்களின் மனநிலையைக் கவனியுங்கள் என்றது. எல்லாம் நல்ல யோசனைகள். பேச்சாலும் வாசிப்பாலும் முடியக்கூடியவை. அடுத்த ஓரிரு வாரங்களில் உலகம் முழுக்கப் பல் மருத்துவ ஆசிரியர்கள் அந்த வழியில்தான் போனார்கள். பேச்சால் முடியாத பகுதியை என்ன செய்வது என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியாகத் திணறிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்தத் திணறலைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

மற்றப் படிப்புகளைவிடப் பல் மருத்துவம் ஏன் அதிகம் அடிபட்டது? ஒரு கருவியைச் சொன்னாலே விளங்கும். 1957இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஜான் போர்டன் அறிமுகப்படுத்திய ஏரோட்டர், காற்றழுத்தத்தால் நிமிடத்துக்குச் சுமார் 3 லட்சம் முறை சுழலும். பல் சூடேறாமலிருக்க அதனுடன் தண்ணீரும் பீய்ச்சும். அந்தத் தண்ணீர் எச்சிலோடு கலந்து நுண்துளிப் புகையாக அறைக்குள் மிதக்கும். மருத்துவரின் முகம் நோயாளியின் வாயிலிருந்து ஒரு முழம்கூடத் தள்ளி இருக்காது. 2020 மார்ச் 15 அன்று நியூயார்க் டைம்ஸ் எந்தத் தொழிலாளருக்கு ஆபத்து அதிகம் என்று காட்டும் வரைபடம் ஒன்றை வெளியிட்டது. அதில் பல் மருத்துவப் பணியாளர்கள் உச்சிமூலையில் இருந்தார்கள். மறுநாள் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அவசரமில்லாத சிகிச்சைகளை நிறுத்திவைக்கச் சொன்னது. இங்கிலாந்தில் வழக்கமான பல் சிகிச்சை மார்ச் 25 முதல் நின்றது. இந்தியாவில் அதே நாளில் நாடே அடைபட்டது.

பொறியியல் கல்லூரி மூடினால் வகுப்பறையும் ஆய்வகமுமே மூடுகின்றன. பல் மருத்துவக் கல்லூரி என்பது மருத்துவமனையும்கூட. மாணவர் நோயாளியைத் தொட்டுப் பழகும் இடமும், ஏழை நோயாளி குறைந்த செலவில் பல்லைப் பிடுங்கிக்கொள்ளும் இடமும் ஒன்றுதான். தமிழ்நாட்டின் சுயநிதிக் கல்லூரிகளில் ‘கேம்ப்’ போட்டுச் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பேருந்தில் நோயாளிகளை அழைத்துவருவது பழைய வழக்கம். பேருந்து நின்றதும் நோயாளி இல்லை. நோயாளி இல்லையென்றால் பாடத்தின் பாதி இல்லை. மீதிப் பாதியைத்தான் ஆசிரியர்கள் ஜூமிலும் கூகுள் மீட்டிலும் ஏற்றினார்கள்.

பிடிஎஸ் என்ற பல் மருத்துவ இளநிலைப் படிப்பின் உள்ளமைப்பை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். நான்கு ஆண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி. முதலாண்டில் உடற்கூறு, உடலியங்கியலுடன் பல் உருவவியலும் உண்டு. மாணவர்கள் மெழுகுக் கட்டியைச் செதுக்கி வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் என்று ஒவ்வொன்றாக உருவாக்குவார்கள். இரண்டாம் ஆண்டில் பொம்மைத் தலையில் பற்களைப் பொருத்தி அதில் குழி வெட்டி அடைப்பதும், மெழுகில் செயற்கைப் பற்களை வரிசையாக அடுக்குவதும் பயிற்சி. அதற்குப் பெயர் ‘ப்ரீ-கிளினிக்கல்’. மூன்றாம் ஆண்டில் கிளினிக் ஆரம்பம். பிறகு ஒவ்வொரு துறையிலும் ‘கோட்டா’: இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை அடைப்பு, இத்தனை முழுப் பல்செட்.

இந்த ஏற்பாடு முழுவதையும் தாங்கி நிற்பது ஒரு சின்னச் சடங்கு, ‘ஸ்டாஃப் சைன்’. முழுப் பல்செட் ஒன்று செய்யும் மாணவி பிரைமரி இம்ப்ரஷன் என்ற முதல் அச்சை எடுத்ததும் ஆசிரியரிடம் காட்ட வேண்டும். அவர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, விரலால் தடவி, சரியென்றால் ரெக்கார்டில் கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் “மறுபடி எடு”. பார்டர் மோல்டிங், ஃபைனல் இம்ப்ரஷன், ஜா ரிலேஷன், ட்ரை-இன், இன்சர்ஷன் என்று ஒவ்வொரு படிக்கும் இதே கதை. கையெழுத்து இல்லாமல் அடுத்த படிக்கு நகர முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் இது வெறும் சம்பிரதாயம். சில இடங்களில் அப்படித்தான் சீரழிந்தும் போயிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் பொருள் பெரியது. ‘இவள் செய்ததை நான் தொட்டுப் பார்த்தேன், இந்த நோயாளிக்கு இதனால் தீங்கு வராது’ என்று இன்னொருவர் பொறுப்பேற்பதே அந்தக் கையெழுத்து.

இணையவழிக் கல்வி ஆசிரியரிடமிருந்து எதைப் பறித்தது என்ற கேள்விக்கு வழக்கமாக வரும் பதில்கள் நெட்வொர்க், கருவி, மாணவரின் கவனம். இவை உண்மைதான், ஆனால் தீர்க்கக்கூடியவை. என் பார்வையில், பல் மருத்துவ ஆசிரியர் இழந்தது அந்தக் கையெழுத்துக்கான ஆதாரத்தை. கற்பிக்க முடியவில்லை என்பதைவிடச் சான்று சொல்ல முடியவில்லை என்பதே அவர்களை அதிகம் அலைக்கழித்தது.

முதல் மாதங்களின் குழப்பத்தை நீட்டி எழுத வேண்டியதில்லை. எல்லாத் துறை ஆசிரியர்களும் பட்டதுதான். இலவசக் கணக்கில் குழுவாகப் பேசினால் ஜூம் 40 நிமிடத்தில் துண்டித்துவிடும் என்பதால் பாடங்களே 40 நிமிடத் துண்டுகளாயின. ஏப்ரல் 16 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் ஜூம் பாதுகாப்பான தளம் அல்ல என்று எச்சரித்தது. அப்போதுதான் அதில் பழகியிருந்த பேராசிரியர்கள் வேறொன்றைத் தேடினார்கள். கூடவே வெபினார் வெள்ளம். காலையில் ஒன்று, மாலையில் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் மின்சான்றிதழ். அந்த ஏப்ரல், மே மாதங்களில் சேர்ந்த சான்றிதழ்களை அச்சிட்டால் பல துறைத்தலைவர்களின் அறைச் சுவரில் இடம் போதாது.

‘எஜூகாஸ் ரிவ்யூ’ என்ற அமெரிக்க இதழில் சார்லஸ் ஹாட்ஜஸும் சக ஆய்வாளர்களும் 2020 மார்ச் இறுதியிலேயே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கினார்கள். மாதக்கணக்கில் திட்டமிட்டு வடிவமைக்கும் இணையவழிக் கல்வி வேறு, நெருக்கடியில் இருப்பதை வைத்துத் தூரத்திலிருந்து கற்பிப்பது வேறு. இரண்டாவதை வைத்து முதலாவதை மதிப்பிடாதீர்கள் என்றார்கள். நியாயமான எச்சரிக்கை. நம் ஆசிரியர்கள் செய்தது இரண்டாவதுதான். அதுவும் எந்தத் தரையில் நின்று? தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆம் சுற்றின்படி, 2017-18இல் இந்தியக் குடும்பங்களில் ஏறக்குறைய 24 சதவீதத்துக்கே வீட்டில் இணைய வசதி இருந்தது. கிராமங்களில் 15 சதவீதம். கணினி வைத்திருந்தவை 11 சதவீதத்துக்கும் குறைவு. பல் மருத்துவ மாணவர்கள் சராசரியைவிட வசதியானவர்கள் என்று வைத்துக்கொண்டாலும், விடுதியைக் காலி செய்து ஊருக்குப் போன மாணவனின் கையில் இருந்தது ஒரு கைபேசியும் நாளுக்கு ஒன்றரை ஜிபியும்தான். தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா தருவதாக அறிவித்தது 2021 ஜனவரியில். அதற்குள் பத்து மாதங்கள் ஓடிவிட்டன. இலங்கை இதைச் சீக்கிரமே சமாளித்தது. அங்கே பல்கலைக்கழகங்கள் ‘லேர்ன்’ என்ற கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு வழியாக ஜூம் வகுப்புகளை நடத்தின, தொலைபேசி நிறுவனங்கள் அந்த டேட்டாவுக்குக் காசு வாங்கவில்லை. பல் மருத்துவப் பீடம் இருக்கும் பேராதனையும் அந்த வலையமைப்பில் உண்டு.

டேட்டா பற்றாக்குறையின் நேரடி விளைவு, இருண்ட கட்டங்கள். வீடியோவை அணைத்துவிட்டால் டேட்டா மிச்சம். ஆகவே நூறு பேர் வகுப்பில் தெரிவது நூறு பெயர்கள். ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் ஜூம் களைப்புக்கு நான்கு காரணங்கள் சொன்னார்: வெகு அருகில் எல்லா முகங்களும் நம்மையே உற்றுப் பார்ப்பது, நம் முகத்தையே நாம் ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது, இருந்த இடத்திலிருந்து நகர முடியாதது, சைகைகளை மெனக்கெட்டுக் காட்டவும் படிக்கவும் வேண்டியிருப்பது. நம் ஆசிரியர்களுக்கு முதல் காரணம் தலைகீழாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்க்கிறார்களா என்று தெரியவில்லை. வகுப்பறையில் ஒரு பேராசிரியர் பாடத்தின் வேகத்தைப் புத்தியால் தீர்மானிப்பதில்லை. மூன்றாவது பெஞ்சில் நெற்றி சுருங்குவதைப் பார்த்துத் தீர்மானிக்கிறார். அது போனதும் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் முதல் நாள் வகுப்பெடுப்பவர் போலத் தடுமாறினார். “புரியுதா?” என்று கேட்டால் அரட்டைப் பெட்டியில் “எஸ் சார்” என்று முப்பது முறை வரும். அதற்கு எந்த மதிப்பும் இல்லை என்பது கேட்டவருக்கும் தெரியும், சொன்னவர்களுக்கும் தெரியும்.

ஆனாலும் திரைவழிப் பாடத்தை ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்கிவிட முடியாது. சில பாடங்கள் திரையில் நிஜமாகவே மேம்பட்டன. வாய் நோய்க்குறியியல் வகுப்பில் வழக்கமாக என்ன நடக்கும்? நுண்ணோக்கியில் ஒரு ஸ்லைடை வைத்து “அம்புக்குறி இருக்கிற இடத்தைப் பார்” என்பார் ஆசிரியர். வரிசையில் நிற்கும் பதினைந்து பேரில் ஐந்தாவது ஆள் மேடையைத் தட்டிவிடுவான்; அதற்குப் பின் வந்தவர்கள் பார்த்தது வேறு ஏதோ இடத்தை. திரையில் எல்லோரும் ஒரே படத்தை, ஒரே இடத்தைப் பார்த்தார்கள். எக்ஸ்ரே வாசிப்பும் அப்படியே. பல்வேரின் நுனியில் இருக்கும் மங்கலான நிழலைப் பெரிதாக்கி, மாறுபாட்டைக் கூட்டிக் காட்ட முடிந்தது. வேறு ஊரில் ஓய்விலிருந்த பேராசிரியரை ஒரு மணி நேரம் விவாதத்துக்கு அழைக்க முடிந்தது. பயணப்படி, விருந்தினர் அறை, சால்வை எதுவும் வேண்டியதில்லை. பின்பெஞ்சில் வாயே திறக்காதவர்கள் அரட்டைப் பெட்டியில் கேள்வி கேட்டதையும் ஆசிரியர்கள் கவனித்தார்கள்.

செய்முறை விளக்கத்திலும் எதிர்பாராத ஒரு லாபம். ‘டெமோ’ என்றால் ஒரு நாற்காலியைச் சுற்றி இருபது மாணவர்கள் எக்கி எக்கிப் பார்ப்பது. வாய் என்பது மிகச் சிறிய அரங்கு. முன்னால் நிற்கும் மூவருக்குப் பல் தெரியும், மற்றவர்களுக்கு ஆசிரியரின் முதுகு தெரியும். ஆசிரியர் கைபேசியை ஸ்டாண்டில் மாட்டி, பொம்மைத் தலையில் குழி வெட்டுவதை நெருக்கத்தில் படம்பிடித்தபோது, எல்லோருக்கும் முதல் வரிசை கிடைத்தது. நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். இந்த வீடியோக்கள் இன்றும் பல துறைகளில் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றை எடுக்கச் சரியான வெளிச்சமும் கோணமும் தேடி ஆசிரியர்கள் இரவுகளைச் செலவழித்ததைப் பணிநேரமாக யாரும் கணக்கெடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த வீடியோவை எடுக்கும்போதுதான் பலருக்கும் ஒரு சங்கடம் உறைத்தது. தங்கள் கைக்குத் தெரிந்ததை வாய்க்குச் சொல்லத் தெரியவில்லை. கடைவாய்ப்பல்லில் அமால்கம் அடைக்கக் குழி ஒன்றரையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழம் வேண்டும் என்று சொல்லிவிடலாம். பல்லின் மேலோடான எனாமலைத் தாண்டி அடியிலுள்ள டென்டினுக்குள் இறங்கும் நொடியில் கருவியின் ஒலி மாறுவதையும், எதிர்ப்பு தளர்வதையும், அப்போது கை தானாகவே இலகுவதையும் எப்படிச் சொல்வது? கிளினிக்கில் சொல்லத் தேவையே இருந்ததில்லை. மாணவியின் கையை லேசாகப் பிடித்து “இப்படி” என்றால் போதும். பல் மருத்துவக் கல்வியில் அதிகம் பயன்படும் சொல் ஒருவேளை அந்த “இப்படி”யாகத்தான் இருக்கும். திரையில் அதற்கு வேலையில்லை.

வேதியியலாளராக இருந்து தத்துவத்துக்கு வந்த ஹங்கேரியர் மைக்கேல் போலன்யி, சொல்லக்கூடியதைவிட அதிகம் நமக்குத் தெரியும் என்று வாதிட்டவர். 1966இல் வந்த ‘தி டாசிட் டைமென்ஷன்’ நூலில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று துழாவும் கோல். முதன்முதலில் அதைப் பிடிப்பவர் அதன் அதிர்வை உள்ளங்கையில் உணர்வார். பழகப் பழக அந்த உணர்வு கோலின் நுனிக்கு இடம்பெயரும், கை மறந்துபோகும். பல் மருத்துவர்கள் இதற்குத் தத்துவம் படிக்க வேண்டியதில்லை. எக்ஸ்புளோரர் என்ற கூரிய கருவியால் பல்லின் பிளவைத் தொடும் மாணவனுக்கு முதல் ஆறு மாதம் எல்லாமே ‘கெட்டி’தான். ஒருநாள் நுனி மெத்தென்று சிக்குவது அவனுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவன் கை வேறு. அந்த நாளை எந்த விரிவுரையும் முன்னால் இழுத்துவர முடியாது.

இதைத் தாண்டவும் வழிகள் உண்டு என்பதற்கு ஒரு பழைய நல்ல உதாரணம் இருக்கிறது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான பையின் ஆழத்தை அளக்கும் ப்ரோபை எவ்வளவு அழுத்த வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் வாய்நல ஆய்வுக் கையேடு 20 கிராமுக்கு மேல் போகாதே என்கிறது. இருபது கிராம் என்றால் கைக்கு என்ன தெரியும்? அதற்கும் கையேடு வழி சொல்கிறது: ப்ரோபின் நுனியைக் கட்டைவிரல் நகத்தடியில் வைத்து, அந்த இடம் வெளுக்கும் வரை அழுத்திப் பார். அந்த அழுத்தம்தான் வேண்டியது. தொடுகையின் அளவை இன்னொருவர் கைபிடித்துக் காட்டாமலே, எழுத்து வழியாகக் கடத்திவிடும் வரி இது. உலகின் எந்த மூலையில் இருக்கும் மாணவனும் தன் நகத்தை வைத்தே அதைக் கற்றுக்கொள்ள முடியும். தொற்றுக்காலத்தில் நன்றாகக் கற்பித்தவர்கள் என்று நான் கருதுவது இத்தகைய நகக்கணக்குகளைத் தேடியவர்களை. சமையலறைத் தராசில் விரலை அழுத்திப் பழகச் சொன்னவர்கள், கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி காகிதத்தில் கோடு வரையச் சொன்னவர்கள். மேல்தாடைப் பற்களில் பெரும்பாலான வேலை கண்ணாடிப் பிம்பத்தைப் பார்த்தே நடப்பதால் இந்தக் கடைசிப் பயிற்சி அற்பமானதல்ல. பாடம் நடத்தும் திறமையைவிட, தன் கை செய்வதைத் தானே உற்றுப் பார்த்துப் பிரித்தெடுக்கும் திறமை இதற்குத் தேவைப்பட்டது. அது எல்லா நல்ல மருத்துவருக்கும் வாய்ப்பதில்லை.

முதலாண்டு மாணவர்கள் வீட்டிலிருந்தே செதுக்கினார்கள். மெழுகுக் கட்டி கிடைக்காதவர்களுக்குச் சோப்பும் சாக்பீஸும். நான்கு பக்கமும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ஆசிரியர் அந்தப் படத்தின் மேல் சிவப்புக் கோடு இழுத்துத் திருப்பி அனுப்புவார். நூறு மாணவர், ஆளுக்கு நான்கு படம், ஒவ்வொரு வாரமும். கையில் வாங்கினால் பத்து நொடியில் முடிகிற வேலை இது. பல்லின் வளைவு கண்ணைவிட விரலுக்கு விரைவாகப் புரியும். படத்தில் வெளிச்சம் ஒரு பக்கம் விழுந்தால் தட்டையான பரப்பும் குவிந்ததாகத் தெரியும். செதுக்கியது அவன்தானா, வீட்டில் கைவேலை தெரிந்த அக்காவா என்பதும் தெரியாது. ஆகக் கடைசியில் ரெக்கார்டில் கையெழுத்துப் போட வேண்டிய நேரம் வந்தபோது, ஆசிரியர் எதற்குச் சாட்சி சொல்கிறார் என்பது அவருக்கே தெளிவில்லை.

மருத்துவக் கல்வியில் ஜார்ஜ் மில்லர் 1990இல் வரைந்த பிரமிடு புகழ்பெற்றது. அடியில் ‘தெரியும்’, அதன்மேல் ‘எப்படியென்று தெரியும்’, அடுத்து ‘செய்துகாட்டுவார்’, உச்சியில் ‘செய்கிறார்’. இணையம் கீழிரண்டு படிகளைச் சிரமமில்லாமல் ஏறியது. மூன்றாவதில் மூச்சு வாங்கியது. நான்காவதைத் தொடவே இல்லை. 2020 வசந்தத்தில் ஐரோப்பியப் பல் மருத்துவக் கல்விச் சங்கத்தின் சார்பில் நடந்த கணக்கெடுப்பில் பதிலளித்த 69 கல்வி நிறுவனங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் இணையவழி மென்பொருள்களுக்கு மாறிவிட்டன என்று தெரிந்தது. வேகமான மாற்றம்தான். ஆனால் மாறியது எந்தப் படி என்ற கேள்வியோடு சேர்த்துப் படிக்க வேண்டிய எண் இது.

அந்த நான்காவது படியை வெவ்வேறு நாடுகள் எப்படிச் சமாளித்தன என்று பார்த்தால் அவரவர் மனசாட்சி தெரிகிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களின் உரிமத் தேர்வில் உயிருள்ள நோயாளியை மாணவரே தேடிக் கூட்டிவர வேண்டியிருந்தது. தேர்வுக்கு ஏற்ற அளவில், ஏற்ற இடத்தில் சொத்தை இருக்கும் ஆளைத் தேடி மாணவர்கள் அலைவதும், பணம் கொடுத்துப் பிடித்துவருவதும் பல ஆண்டுகளாக நடந்தவை. நோயாளியைத் தேர்வுப் பொருளாக்குவது அறமல்ல என்று பல் மருத்துவச் சங்கமே நெடுநாள் சொல்லிவந்தும் மாறாத வழக்கம், 2020இல் சில மாதங்களில் ஆட்டம்கண்டது. சொத்தையின் மென்மையைப் போலிசெய்யும் செயற்கைப் பல்லைப் பொம்மைத் தலையில் பொருத்தித் தேர்வு வைக்க மாநிலம் மாநிலமாக ஒத்துக்கொண்டார்கள். பெருந்தொற்று செய்த ஒரு நல்ல காரியம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஸ்காட்லாந்து வேறு வழியில் போனது. நுண்துளிக் கட்டுப்பாடுகளால் மாணவர்களுக்கு நோயாளிகள் போதுமான அளவு கிடைக்கவில்லை என்று கண்ட அந்த அரசு, 2021 ஜனவரியில் அபர்டீன், டண்டீ, கிளாஸ்கோ பல் மருத்துவப் பள்ளி மாணவர்களின் படிப்பு ஓராண்டு நீளும் என்று அறிவித்தது. இறுதியாண்டு மாணவர்கள் அந்தக் கோடையில் பட்டம் பெற முடியாது. ஈடாக 6,750 பவுண்டு உதவித்தொகை. மாணவர்களுக்கு இது பேரிடி. பொதுமக்களுக்கு ஓராண்டுக்குப் புதிய பல் மருத்துவர்கள் இல்லை. ஆனால் ‘நாங்கள் பார்க்காத ஒன்றுக்குக் கையெழுத்துப் போட மாட்டோம்’ என்று ஆசிரியர்கள் சொல்ல, அரசு அதற்கு விலை கொடுத்த அபூர்வமான நிகழ்ச்சி அது.

இந்தியாவில் அந்த வாய்ப்பு ஆசிரியர்களுக்கு இருக்கவில்லை. தேர்வுகள் தள்ளிப்போயின, கல்லூரிகள் 2020இன் இறுதியில் படிப்படியாகத் திறந்தன, விட்டுப்போன மாதங்களைச் சில வாரங்களில் திணித்தார்கள். 2021இல் இரண்டாம் அலையில் மறுபடியும் மூடல். ஓராண்டு நீட்டிப்பு என்றால் ஓராண்டுக் கட்டணம் யார் தருவது, அடுத்த அணியை எங்கே உட்காரவைப்பது என்ற கேள்விகளுக்கு இங்கே விடையில்லை. ஆகவே பாரம் முழுதும் துறைகளின் தலையில். விவரமான ஆசிரியர்கள் பயிற்சி மருத்துவர் ஆண்டைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்தினார்கள்: கோட்டா குறைந்த மாணவர்களை அடையாளம் கண்டு, அந்த ஆண்டில் கூடுதல் நோயாளிகளைக் கொடுத்து, பக்கத்தில் நின்றார்கள். மற்றவர்கள் ரெக்கார்டை முடித்துக் கொடுத்தார்கள்.

வீட்டுப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பல் மருத்துவக் கல்லூரிகளில் பெண் ஆசிரியர்கள் நிறைய. ஊரடங்கில் பள்ளிக் குழந்தைக்கும் அதே நேரத்தில் ஆன்லைன் வகுப்பு. வீட்டில் ஒரு லேப்டாப், அதை யாருக்குக் கொடுப்பது என்பதில் தாய்தான் விட்டுக்கொடுப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் சம்பளம் குறைந்தது அல்லது தாமதமானது. மாலை நேர கிளினிக் நடத்திச் சமாளிக்கலாம் என்றால் கிளினிக்கும் பூட்டு. நோயாளிகளின் படங்களைத் திரையில் காட்டும்போது எந்த மாணவன் அதைச் சேமித்து எங்கே அனுப்புவான் என்ற பயம் தனி. வாய்ப்புற்று நோயாளியின் முகத்தைக் காட்டாமல் வாய்ப்புற்று நடத்துவது எப்படி?

இந்த அனுபவங்களைப் பற்றி ஆய்வுலகம் என்ன எழுதியது? கோவிட் காலப் பல் மருத்துவக் கல்வி பற்றிய கட்டுரைகள் குவிந்துகிடக்கின்றன. பெரும்பாலானவை கூகுள் படிவத்தில் மாணவர்களிடம் ‘திருப்தியா, ஓரளவு திருப்தியா’ என்று கேட்டவை. ஒரு கல்லூரி, ஒரு படிவம், ஒரு சதவீதம், ஒரு கட்டுரை. அதில் பதவி உயர்வுக்கான வெளியீட்டு எண்ணிக்கையும் ஒரு காரணம் என்பது துறைக்குள் எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர்களிடம் உட்கார்ந்து நீண்ட நேரம் பேசி, அவர்கள் சொற்களிலேயே பதிவுசெய்த ஆய்வுகள் ஒப்பீட்டளவில் குறைவு. அவற்றிலும் ஒரு சிக்கல். பேட்டி எடுப்பவர் அதே கல்லூரியின் சக ஆசிரியராக இருப்பார். பதில் சொல்பவர் நிர்வாகத்தின் காதுக்கு எட்டாத விதத்தில்தான் பேசுவார். ‘சவால்கள் இருந்தன, சமாளித்தோம்’ என்ற தொனி அந்தப் பக்கங்களில் அடிக்கடி ஒலிப்பதற்கு இது காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ‘அந்த அணிக்கு நான் போட்ட கையெழுத்துகளில் எத்தனை எனக்கு நம்பிக்கையானவை?’ என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வந்திருக்குமா என்பதும் சந்தேகமே.

இப்போது இதையெல்லாம் எழுதக் காரணம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் நாடாளுமன்றம் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. பழைய கவுன்சிலின் இடத்தில் புதிய ஆணையம்; பாடத்திட்டமும் தரமும் அதன் பொறுப்பு. படிப்பை முடிப்பவர்கள் உரிமம் பெற நாடு முழுமைக்கும் பொதுவான வெளியேறும் தேர்வையும் அந்தச் சட்டம் சொல்கிறது. அந்தத் தேர்வு கணினித் திரையில் சரியான விடையைத் தொடும் தேர்வாக மட்டும் சுருங்கிவிட்டால், மில்லரின் கீழிரண்டு படிகளுக்கு நாடே கையெழுத்துப் போட்டதாக ஆகும்.

ஆணையத்திடம் கேட்க வேண்டியவை மூன்று. நோய்க்குறியியல், கதிரியக்கவியல், நோயாளி விவாதம் ஆகியவற்றின் ஒரு பங்கை இணையத்துக்கு முறையாக மாற்றி, அதனால் மிச்சமாகும் மணிநேரத்தை ப்ரீ-கிளினிக்கல் கூடத்துக்கும் கிளினிக்குக்கும் கொடுங்கள். வீடியோ தயாரிப்பதையும் படம் படமாகத் திருத்துவதையும் ஆசிரியரின் பணிநேரமாகக் கணக்கெடுங்கள். வெளியேறும் தேர்வின் விதிகளை எழுதும் மேசைக்கு, 2020இலும் 2021இலும் கிளினிக் ரெக்கார்டுகளில் கையெழுத்துப் போட்ட ஆசிரியர்களை அழைத்து, அவர்கள் பெயர் வெளிவராது என்ற உறுதியோடு பேசவிடுங்கள். கையின் தேர்ச்சியை எதைக் கொண்டு அளப்பது என்பதில் அவர்களைவிட அதிகம் யோசித்தவர்கள் இந்த நாட்டில் இல்லை.